ஆணியில் கண்ணாடி இருந்ததா?

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அதாவது தம்பி சொல்ல, வேறொருவர் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை வலியையும் என்னையும் சேர்த்து வைதுகொண்டு நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறாயா?

ஆஸ்பத்திரியை ஒட்டிய விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அறைக்கு இரண்டு கட்டில். கதவிலிருந்து என் கட்டிலுக்கு ஐந்து எட்டு, கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது. ஏழாவது எட்டில் ஒரு படி இருக்கிறது. அதை என் கால் கட்டைவிரல் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பேட்டரி வெடித்து அமிலம் தெறித்து இரண்டு கண்ணும் போய், மூன்று வருடம் முன்பு இங்கேதான் ஒரு கண்ணில் செயற்கைக் கருவிழி வைத்துக்கொண்டார். கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதாம், அதற்காக வந்து தங்கியிருக்கிறார். அவர்தான் எழுதுகிறார்.

டாக்டரம்மா பார்த்தார். இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறதே, அதை வைத்துத்தான் எல்லாம். முதலில் கண்ணின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு சின்னக் குழாய். மூன்று மாதம் ஆறியதும் கருவிழி. அது சட்டைப் பொத்தான் அளவுதான். நடுவில் தெளிவான பிளாஸ்டிக், சுற்றிலும் இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப்போன கருவிழி, பின்னால் ஒரு தகடு. அதைக் கண்ணில் வைத்துத் தைப்பார்கள். சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தைப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நீங்க சொன்னபடி செய்யிற ஆளா? உயிரோட இருக்கிற வரைக்கும் தினமும் சொட்டு மருந்து விடணும். தவற விட்டா கிருமி உள்ள போயிடும். இருக்கிற வெளிச்சமும் போயிடும். கவனமில்லாத ஆளுக்கு நான் இதை வைக்கிறதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா, ஒன்று கேட்கிறேன். அன்று ஆணியில் கண்ணாடி இருந்ததா?

இந்த இடத்தில் கண்டக்டர் பேனாவை நிறுத்திவிட்டு "என்ன ஆணி?" என்றார். அவருக்குச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதட்டும். எங்களுடையது பழைய பாட்டில் கழுவும் பட்டறை. தொட்டியில் காஸ்டிக் சோடா போட்டதும் தண்ணீர் கொதித்துப் பொங்கும். அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. போட்டவர் தன் பாதுகாப்புக் கண்ணாடியைத் தொட்டிக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டிவிட்டு நகர வேண்டும். கண்ணாடி தொங்கினால் தொட்டி கொதிக்கிறது. வெறும் ஆணி என்றால் அடங்கிவிட்டது, கூடையை இறக்கலாம். பாட்டில் சத்தத்தில் பேசினால் கேட்காது, அதனால் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

அன்று காஸ்டிக் போட்டது நீ. கூடையை இறக்கியது நான். பொங்கிய தண்ணீர் என் முகத்தில் அடித்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் கண்ணாடி தொங்கியது என்று நீ சொன்னாய். ஓடிவந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கு மட்டும் வெறும் ஆணிதான் நினைவில் இருக்கிறது. நான் பார்க்காமலே இறக்கிவிட்டேனா? அப்படியென்றால் டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எழுதவாவது எழுது.

உன் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்,
தம்பி

*

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும், பட்டறையில் இருக்கும் மூன்று பேரும், ஆயிரக்கணக்கான பாட்டில்களும். முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டைவிரல் வீங்கியிருந்தால் வெந்நீரில் வை.

உனக்கு எழுதிக்கொடுக்கும் கண்டக்டர் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். நல்ல கையெழுத்து. ஒரு எழுத்துகூட வரியை விட்டு இறங்கவில்லை.

இந்த வாரம் இரண்டு லாரி வந்தது. ஒன்றில் பாதி பாட்டில் உடைசல். டிரைவர், "ரோடு அப்படி" என்றான். "ரோட்டையும் ஏத்திட்டு வந்திருக்கலாமே" என்றேன். உன் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் செருப்பு அதே இடத்தில் இருக்கிறது.

போன் எடுக்காததற்குக் கோபப்படாதே. பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அப்படியே சாய்ந்துவிடுகிறேன். எழுத்தில்தான் எனக்கு நிதானமாகப் பேச வருகிறது.

குழாய் வைப்பதற்கு முன்பு நன்றாகச் சாப்பிடு. பழையதைக் கிளறாதே. நடந்தது நடந்துவிட்டது.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

குழாய் வைத்தாயிற்று. வலி தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது அந்த முதல் இரண்டு நாள். கட்டுப் போட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கத்து வெளுப்பும் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருண்டதும்தான் அரள வந்தது. போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தேன். கட்டைப் பிரித்ததும் வெளுப்பு இருந்தது. சிஸ்டர் கையைப் பிடித்து அழுதுவிட்டேன். நர்ஸ் வேலையில் இதெல்லாம் பழக்கம்தான் என்றார், நல்லவர்.

கண்டக்டருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியுமாம். நேரே தெளிவாக, பக்கவாட்டில் ஒன்றும் இல்லாமல். முகம் முழுக்க ஒரே பார்வையில் வராது, மூக்கைப் பார்த்துவிட்டுக் காதைத் தேட வேண்டும். "அதனால என்ன, கடன்காரன் எதிர்ல வந்தாலும் பாதிதான் தெரிவான்" என்கிறார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். ஆணியில் கண்ணாடி இருந்ததா, அக்கா? நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உன் முட்டியை நலம் விசாரிக்கும்,
தம்பி

(எழுதுபவர் எழுதுவது: சகோதரி, இது அவர் சொல்லாமல் நானாக எழுதுவது. தம்பி சாப்பாட்டில் பாதியை மீதி வைக்கிறார். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும், "வேற ஒண்ணும் இல்லையா? பின்பக்கம் பாருங்க" என்றார். பின்பக்கம் வெறும் தாள். அதை அவரிடம் சொல்வது எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.)

*

மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

வெளுப்பு இருக்கிறது என்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது. கடிதத்தைப் பிரிக்கவே கை வரவில்லை. தபால்காரர் கொடுத்ததிலிருந்து மத்தியானம் வரை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்தேன்.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, உன் அக்காவுக்குத் தெரியும். கழுவும் இடத்தில் தரையை மாற்றிப் போட்டிருக்கிறேன், இனி வழுக்காது. தண்ணீர்க் குழாயையும் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டேன். முன்பே செய்திருக்க வேண்டியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எழுதப் போனேன், உனக்கு எழுதும் கடிதத்தில் அதை எழுதலாமா என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சிரிப்பாய் என்றுதான் எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்கு நான் புதிதாக என்ன சொல்ல? எல்லோரும் பார்த்ததுதானே. அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கருவிழி வைத்து நீ வீட்டுக்கு வந்தால் போதும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், கவலைப்படாதே.

எல்லோரும் பார்த்ததுதானே என்று எழுதியிருக்கிறாய். சரி. அப்படியென்றால் கண்ணாடி தொங்கியிருக்கிறது. கண்ணெதிரே தொங்கியதைப் பார்க்காமல் கூடையை இறக்கியவன் நான். என் கண் என்னை ஏமாற்றியது என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் வார்த்தையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அதனால் பழகிக்கொண்டிருக்கிறேன். காலிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, தலையைச் சாய்த்து, சொட்டு விட்டுப் பார்க்கிறேன். பத்தில் மூன்று கண்ணில் விழுகிறது. மிச்சம் கன்னத்தில், மூக்கில், ஒருமுறை காதில். நேற்று மத்தியான வேளைச் சொட்டை மறந்தே போனேன். வெறும் தண்ணீர்தான். ஆனால் இது மருந்தாக இருந்திருந்தால்? அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷன்.

அன்புடன்,
தம்பி

(எழுதுபவர்: சகோதரி, தம்பியிடம் சொல்லாதீர்கள். போன மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போய் வந்தேன். சொட்டு மருந்துப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் மறந்த பையை எடுத்துக் கொடுத்தவன் நான். பத்து நாள்தானே என்று இருந்துவிட்டேன். இப்போது கண் சிவந்திருக்கிறது. எழுத்து ஓரங்களில் கலங்குகிறது. டாக்டரம்மாவிடம் சொல்லத் துணிவில்லை, திட்டுவார். சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.)

*

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

இந்த வரியை வாசிக்கிறவருக்குச் சொல்கிறேன். அண்ணா, கடிதத்தைக் கீழே வையுங்கள். இப்போதே எழுந்து டாக்டரம்மாவிடம் போங்கள். திட்டினால் திட்டட்டும். சொல்லத் துணிவில்லை என்று நாளைக் கடத்தாதீர்கள். அதைப்போல ஆபத்து வேறு இல்லை, எனக்குத் தெரியும். தயவுசெய்து போங்கள்.

தம்பி, மற்றவை பிறகு.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

இதை எழுதுவது சிஸ்டர். கண்டக்டர் உன் கடிதத்தை வாசிக்கவில்லை. அது வந்தபோது அவரால் வாசிக்க முடியவில்லை. கவரைத் தடவிக்கொண்டே, "இன்னிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கம்மியா இருக்கு, நாளைக்குப் படிக்கிறேன்" என்றார். எனக்கு ஜன்னல் வெளுப்பு நன்றாகத் தெரிந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு தடவை ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கண் போய்விட்டது. அதை எடுத்தே விட்டார்கள். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஏழாவது எட்டில் படி இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மருந்துப் பையை மறந்ததை இப்போதுதான் சொன்னார். மூன்று வருடம் ஒழுங்காக இருந்த மனிதர், அக்கா. பத்தே நாள்.

நான் கண்ணெதிரே தொங்கியதையே பார்க்காதவன். மூன்று வருடம் என்ன, எனக்கு மூன்று வாரம் தாங்காது. எனவே கருவிழி வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. அதுபோதும். அதையும் என் கையாலேயே தொலைத்துவிட்டு உட்கார என்னால் முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன்.

தம்பி

(சிஸ்டர் எழுதுவது: அவர் நினைப்பதுபோல இந்த வெளிச்சம் அப்படியே நிற்காது, குறைந்துகொண்டுதான் வருகிறது. டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். "நான் கவனமில்லாதவன், என் அக்காவே பார்த்த சாட்சி" என்று ஒரே பதில். 28ஆம் தேதி வரை அவருடைய இடத்தை வைத்திருப்போம். அதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். வீட்டில் சொன்னால் கேட்பார் என்று தோன்றுகிறது.)

*

மே 14

தம்பிக்கு,

சிஸ்டர், இதை முழுவதும் வாசியுங்கள். எந்த இடத்திலும் நிறுத்தாதீர்கள்.

ஆணியில் கண்ணாடி இல்லை.

காஸ்டிக் போட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாசலில் லாரிக்காரனோடு சண்டை போடப் போனேன். ஆணியில் மாட்ட மறந்துவிட்டேன். நீ ஆணியைப் பார்த்தாய். வெறும் ஆணி. விதிப்படி கூடையை இறக்கினாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. அது கடைசியாகப் பார்த்ததும் அதைத்தான்.

இதோடு முடிந்திருந்தால் என்றோ சொல்லியிருப்பேன். உன் அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தது நான்தான். நீ முகத்தைப் பொத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று தரையில் துழாவினாய். என் கை நெற்றிக்குப் போனது. கண்ணாடி அங்கே இருந்தது. அதைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் வாளியை எடுத்தேன். மற்றவர்கள் வந்தபோது கண்ணாடி தொங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று பிறகு அதே இடத்தில் நின்று எத்தனையோ தடவை செய்து பார்த்தேன். ஐந்தாறு நொடி. அந்த ஐந்தாறு நொடியில் உன் கண் எவ்வளவு வெந்தது என்று எந்த டாக்டரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை. யோசித்துச் செய்ததில்லை. ஆனால் என் கைதான் செய்தது.

போன் எடுக்காதது சத்தத்தால் இல்லை. இப்போது உனக்குக் காது கூர்மை. என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய். கடிதத்தை வேறொருவர் குரலில்தானே கேட்பாய் என்று ஒளிந்துகொண்டேன். உன்னை வந்து பார்க்காததும் அதனால்தான். கருவிழி வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, நீ கண் திறந்து என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்றும் கும்பிட்டேன். இரண்டையும் ஒரே வாயால்தான் வேண்டினேன்.

கவனமில்லாதவள் நான். நீ இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் என் பொய்யை நம்பி உன் கண்ணை விட்டுவிடாதே. விசாரணைக்கு வந்தவர்களுக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்கா என்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

*

ஜூன் 20

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் நடந்தது என்று மட்டும் சொன்னார்கள். மேற்கொண்டு எதையும் சொல்ல வேண்டாம் என்று நோயாளியே சொல்லியிருக்கிறாராம்.

தெரிகிறதா, தெரியவில்லையா? அந்த ஒரு வார்த்தையை மட்டும் யார் கையாலாவது எழுதச் சொல். திட்ட வேண்டுமென்றால் திட்டு. தபால்காரர் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுகிறேன். விசாரணைக்காரர்கள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

அக்கா

*

ஜூலை 18

அக்கா,

இது என் கையெழுத்து. கோணலாக இருந்தால் மன்னி. இந்தச் சொல்லை முடிப்பதற்குள் முந்தின சொல் எங்கேயோ போய்விடுகிறது, தலையைத் திருப்பித் தேட வேண்டியிருக்கிறது. நான்கு நாளாக எழுதுகிறேன். தெரிகிறது. ஒரு வளையல் அளவுக்கு உலகம் தெரிகிறது.

உன் கடிதத்தைச் சிஸ்டர் நிறுத்தாமல் வாசித்தார். "மாட்டினேன்" என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு கட்டிலை ஓங்கிக் குத்தினேன், விரல் பிசகிவிட்டது. கண்டக்டர்தான் தடவித் தடவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மாதம் அக்கா. பத்து மாதம் என் புத்தியையே சந்தேகப்பட்டேன். என் கண்ணை நம்பாமல் உன் வாயை நம்பினேன். நான் தண்ணீர் என்று கத்தினேன், நீ மாட்டினாய். கட்டைப் பிரித்ததும் நானே எடுத்துப் படித்த முதல் தாள் உன்னுடைய அந்தக் கடிதம்தான். ஒரு நாளைக்கு நான்கு வரி. "மாட்டினேன்" என்ற வரியில் உன் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. உன்னை மன்னித்தேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. தேடாதே.

ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கொண்டது உனக்காக இல்லை. என் கண் அன்று சரியாகப் பார்த்தது என்று தெரிந்ததால்தான். பயம் போகவில்லை. தினமும் காலையில் இமையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்கிறேன். திறந்தால் இருக்குமா என்று.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். சொட்டு மருந்துக்குப் பொறுப்பாக வீட்டில் ஒரு ஆள் வேண்டுமாம். நோயாளி தவறினாலும் தவறாத ஆள். சிஸ்டர் யாரென்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

அவர் எழுதாமல் என் பக்கம் திரும்பினார். வாய் மட்டும் எனக்குத் தெரிந்தது. "அவங்களா?" என்றார்.

"அவங்கதான். இனிமே இந்த ஜென்மத்துல அவங்களுக்கு மறதி வராது" என்றேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் கையால் முதல் சொட்டு. அதற்குள் இங்கே வந்துவிடு.

தம்பி